மஞ்சள் பொட்டு வைத்த கேசட்

"நாம ஆஃப் பண்ணிட்டா இவங்க எல்லாம் எங்கப்பா தூங்குவாங்க?"

மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீடியோ கேம் பெட்டியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அழுத்த மனம் வராமல் கேட்டாள். திரையில் தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தான். எந்தக் கேள்விக்கும் ஸ்குரூ டிரைவரால் பதில் சொல்கிறவர் அவள் அப்பா. கேசட்டைக் கழற்றிப் பிரித்து, உள்ளே காசு போலப் பளபளத்த பேட்டரியைக் காட்டினார்.

"இதுதான் காவல்காரன். நாம எதுல விட்டோமோ அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு இது முழிச்சிருக்கும். அதனால அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க."

"காவல்காரனே தூங்கிட்டா?"

"அப்ப அவங்களுக்கு நம்மளையே மறந்துடும்."

குழந்தை ஓவென்று அழுதது. அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, பச்சப் புள்ளகிட்ட சொல்ற பதிலா இது? ஊர்ல இருக்கற சாமானுக்கெல்லாம் எடை பாக்கறீங்க, உங்க பேச்சுக்கு ஒருநாளாவது பாத்தீங்களா?"

அவருக்குத் தொழில் தராசு பழுது பார்ப்பது. கடை கடையாகப் போய், எலக்ட்ரானிக் தராசின் மேல் சோதனைக் கற்களை வைத்து, ஒரு கிலோ ஒரு கிலோவாகத்தான் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை ஒட்டிவிட்டு வருவார். பொய்க் கல் எதுவும் அகப்பட்டால் அதன் முதுகில் உளியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அதற்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் யாரையும் ஏமாற்றப் பயன்படுத்த முடியாது. வீட்டில் மனைவி அவரைத் 'தராசு' என்றே கூப்பிடுவாள். கோபம் வந்தால் 'பழைய தராசு'.

அந்தத் தராசுக்கு இருந்த ஒரே ஆசை பழைய வீடியோ கேம். ஒன்பது பெட்டிகள், நூற்று நாற்பது கேசட்டுகள். முன்னறையின் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்து அடுக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பார். "உங்க சவலைப் பிள்ளைங்களைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? பெத்த பிள்ளைக்கு இன்னும் தலை வாரல" என்பாள் மனைவி. இருபது வருடம் இதே கேலி. அவளுக்கு அரைநாள் வேலை, ஒரு நூலகத்தில். ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள்.

அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்காம் நாள் போய்விட்டாள். மகள் வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். காரியங்கள் முடிந்து அவளும் வேலைக்குத் திரும்பிய பிறகு, வீட்டில் அவரும் அந்தச் சுவரும்தான் மிச்சம்.

முதல் மாதம், மனதைத் தேற்றலாம் என்று ஒரு கேசட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டே ஜெயிக்கக்கூடிய ஆட்டம் அது. கட்டைவிரல் பாட்டுக்கு ஓடியது, ஜெயித்தது. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேறொன்றைப் போட்டார். அதற்கும் அப்படியே. ஏலம் கேட்டு, ஏழு வாரம் காத்திருந்து வரவழைத்த கேசட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் கட்டி. எதற்காக இதைத் துடைத்தேன் என்று நினைத்தார். தின்னப் பிடிக்காதவன் முன்னால் பந்தி விரித்தது போல அந்தச் சுவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த அறைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு சமைப்பதை நிறுத்தினார். மகளுடைய அழைப்பைத் தவிர வேறு அழைப்புகளை எடுப்பதையும் நிறுத்தினார். காலையில் கண் விழித்ததும் 'ஏன்' என்று ஒரு சொல் மட்டும் மனதில் வரும். அதற்குப் பின்னால் வாக்கியம் வராது.

எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்.

பழைய கேம்களை வாங்கி விற்கும் கடை ஒன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நடத்துகிறவரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். செத்த பெட்டிகளுக்கு உயிர் கொடுப்பதால் வந்த பட்டம். அறுபதை நெருங்கியவர், நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. நேற்று மாலை வாடகை வண்டியில் பதினோரு அட்டைப்பெட்டிகளை இறக்கியபோது டாக்டர் வாயைப் பிளந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சேகரிப்பவர்கள் விற்கும்போது ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கேசட்டையும் போட்டுப் பார்த்து, தலைப்புத் திரை வருகிறதா என்று சோதித்து, உள்ளே பேட்டரி பழசாகிவிட்ட கேசட்டின் முதுகில் மஞ்சள் பொட்டு ஒட்டித் தருவார்கள். வாங்குகிறவர் அந்தப் பேட்டரிகளைப் பிடுங்கிப் புதியது வைத்த பிறகுதான் விற்பனைக்கு வைப்பார். இவரும் அப்படியே செய்திருந்தார். முப்பத்தொரு மஞ்சள் பொட்டு. தலைப்புத் திரையைத் தாண்டி எதையும் அவர் பார்க்கவில்லை. பார்க்க மனம் இல்லை.

விலை பேசும்போது டாக்டர் ஒரு கேசட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். அரியது. மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகும்.

"மத்தவங்கன்னா பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். இதுல நகல் நிறைய சுத்துது. எடைக்கல்லை நம்பிப் பொழைக்கறவர் நீங்க. உங்க கேசட்டைப் பிரிச்சா எனக்குப் பாவம்."

அது நகல்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ இவர் தலையில் கட்டியது. பிரித்தபோதே தெரிந்துவிட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் அலமாரியின் கடைசியில் வைத்திருந்தார். சொல்ல வாய் திறந்தார். சொன்னால் பேச்சு வளரும், இன்னும் அரைமணி நேரம் அங்கே நிற்க வேண்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். அவர் கேட்கவில்லையே, கேட்டால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே ஒரு முத்திரை ஒட்டிக்கொண்டார். துக்கம் மனிதனை நல்லவனாக்கும் என்பார்கள். பல நேரம் அது அவனைச் சோம்பேறியாக்குகிறது. முதலில் சோம்பிப்போவது மனசாட்சிதான்.

பணம் இருந்த உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். காலிச் சுவரைப் பார்த்தால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. வெறும் அலமாரிக்குப் பின்னால், கேசட்டுகள் மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

இன்று காலை பதினொரு மணிக்கு அவர் ஒரு மளிகைக்கடையில் இருந்தார். தராசைத் திறந்து வைத்து, ஐந்து கிலோ கல்லைத் தூக்கும்போது மகள் அழைத்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சிருக்கு. வரேன். சாப்டீங்களா?"

"ம்."

"பொய். சரி, வந்து பேசிக்கறேன். அந்த ரூமைக் கொஞ்சம் பெருக்கி வைங்க. எனக்கு அம்மாவோட தோட்டத்தை ஒருதடவை பாக்கணும் போல இருக்கு."

"எந்தத் தோட்டம்?"

"அதாம்ப்பா, அந்த கேம்ல. கிணறு, மாடு எல்லாம் இருக்குமே. மத்தியானம் அம்மா ஆடுவாங்கல்ல?" மகளின் குரல் தாழ்ந்தது. "அப்பா, உங்களுக்குத் தெரியாதா? அம்மா சொல்லவே இல்லயா?"

"உங்கம்மாவா? ஆடினாளா?"

"ஏழு வருஷமா. தினமும் வேலை முடிஞ்சு வந்து அரைமணி நேரம். முடிச்சதும் துடைச்சு, நீங்க வெச்ச மாதிரியே வெச்சுடுவாங்க. 'இத்தனை வருஷம் கேலி பண்ணிட்டு இப்ப நானே ஆடறேன்னு தெரிஞ்சா, அந்தப் பழைய தராசு என் தலைமேல ஏறி உக்காந்துக்கும்டி'ன்னு சிரிப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக்கூட, 'மாட்டுக்குத் தண்ணி வெக்கலையே'ன்னாங்க. நான் காய்ச்சல்ல உளர்றாங்கன்னு..."

அவர் கையில் ஐந்து கிலோ கல் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

கிணறும் மாடும் உள்ள கேசட் அவரிடம் ஒன்றே ஒன்று. அதன் முதுகில் மஞ்சள் பொட்டை ஒட்டியது அவர் விரல். பேட்டரியைப் பிடுங்கும் அந்த நொடியில் ஏழு வருடமும் போய்விடும். தலைப்புத் திரை மட்டும் எப்போதும் போல் பளிச்சென்று வரும்.

டாக்டருக்குப் போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்போதுதான் தன் போனில், காலையிலிருந்து டாக்டர் மூன்று முறை அழைத்திருப்பதைக் கண்டார். மகளைத் தவிர யார் அழைத்தாலும் எடுக்காமல் விட்ட அழைப்புகள். பணத்தில் ஏதோ வித்தியாசம் போல என்று நினைத்தார். மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

"என்ன சார், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"ஆமா," என்றார். "வீட்டுல."

கடைக்காரர் கல்லாவிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். "தராசு எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு பாக்கெட் சாமான் மட்டும் விப்பேன். போங்க."

முப்பது வருடத்தில், திறந்த தராசை மூடாமல் அவர் கடையை விட்டு இறங்கியது அதுதான் முதல் முறை.

சிக்னலில் நின்றபோது, பதினொன்றே கால். டாக்டர் பத்து மணிக்கே கடையைத் திறப்பவர். ஒரு பேட்டரிக்கு மூன்று நிமிடம் போதும். முப்பத்தொன்றுக்கு எவ்வளவு என்று மனம் பெருக்கியது. வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்லப் பெருக்கியது. எட்டு மாதமாகக் கடவுளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கோபம் என்றுகூட இல்லை, பேச்சு விட்டுப்போயிருந்தது. இப்போது ஒரு லாரியின் பின்னால் நின்றுகொண்டு, ஹெல்மெட்டுக்குள், "ஒரு மாட்டுக்காக வந்து நிக்கறேன், சாமி. கேவலமா நினைச்சுக்காதே" என்றார்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். கண்ணாடி மேசையின் மேல் ஒரு தட்டு. அதில் பிடுங்கிய பேட்டரிகள், உரித்த செதில்களைப் போலக் கிடந்தன. இருபதுக்கு மேல் இருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்..."

உள்ளறையிலிருந்து டாக்டர் வந்தார். அவரைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து, பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா. உயிரோட இருக்கீங்களா?"

"என்னது?"

"மூணு தடவை அடிச்சேன், எடுக்கல. இப்ப போனை வண்டிப் பெட்டியில போட்டுட்டு, கடையை மூடிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன். இதே வேலையில முப்பது வருஷமா இருக்கேங்க. ஒண்ணு ரெண்டை மறைச்சு வெச்சுக்காம, ஒயரையெல்லாம் சுத்தி ரப்பர் பேண்டு போட்டு, அத்தனையையும் ஒரே நாள்ல கொடுத்துட்டுப் போறவங்களைப் பாத்தா எனக்குப் பயம். ராத்திரி பூரா தூக்கமில்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்காம விட்டுட்டேன்."

டாக்டரின் பயம் முழுக்கத் தப்பு என்று சொல்ல அவரால் முடியவில்லை. தட்டையே பார்த்தார். "கிணறு... மாடு... அந்த கேசட். அதுல என் வீட்டுக்காரி ஆடினது இருக்கு. எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும். பிடுங்கிட்டீங்களா?"

டாக்டர் எழுந்துபோய் உள்ளறை மேசையின் விளக்கைப் போட்டார். பச்சை அட்டை தெரிய அந்தக் கேசட் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி அதன் இடத்தில் இருந்தது.

"பிடுங்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு எட்டு பாத்துடுவேன். தூங்கற வீட்டுல கதவைத் தட்டாம நுழையக்கூடாது இல்லையா? இதுல ஆறு எழுத்துல ஒரு பொம்பளைப் பேரு இருந்துச்சு. அதுக்கும் சேத்துத்தான் போன் பண்ணேன்."

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். சத்தம் வரவில்லை. டாக்டர் பார்க்காதவர் போல மீட்டரை எடுத்துப் பேட்டரியின் மேல் வைத்தார்.

"அழறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதைப் பாருங்க. மூணு வோல்ட் இருக்கணும். ரெண்டுக்கு வந்துடுச்சு. இன்னிக்கே போகலாம், ஒரு மாசம் கழிச்சும் போகலாம். ஞாபகம் அழியாம மாத்த ஒரு வழி இருக்கு. பழசு இருக்கும்போதே பக்கத்துல புதுசை ஒயர் போட்டு சேத்துட்டு, அப்புறம் பழசை எடுக்கணும். ஒரு காவல்காரன் வந்து நின்ன பிறகு மத்தவன் கிளம்பற மாதிரி. ஆனா கை நடுங்கி ரெண்டு முனையும் ஒண்ணா இடிச்சுதுன்னா, அவ்வளவுதான்."

"நீங்க பண்ணுங்க."

"நான் தொட மாட்டேன். தப்பிப்போச்சுன்னா ஆயுசுக்கும் என்னால தாங்க முடியாது. உங்களுக்கு ஈயம் புதுசா என்ன? தராசுல தினமும் பத்தவெக்கறவர்தானே? நான் பிடிச்சுக்கறேன், நீங்க வைங்க."

இருவரும் விளக்கடியில் குனிந்தார்கள். சால்டரிங் அயர்ன் சூடானதும் டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார். கரண்ட் கசிந்தாலும் ஆபத்து. அயர்ன் ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும். டாக்டர் இடுக்கியால் புதிய பேட்டரியைப் பிடித்துக்கொண்டார். இவர் முதல் ஒயரை வைத்தார். ஈயம் உருகி, மினுங்கி, நின்றது. இரண்டாவது ஒயரை எடுத்தபோது கை உதறத் தொடங்கியது. எட்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத கை.

"என்னால முடியல."

"முடியலன்னா நிறுத்துங்க. திரும்ப சூடு பண்ணிக்கலாம். காலைல என்ன சாப்டீங்க?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் அவர் கையிலிருந்து அயர்னை வாங்கி வைத்தார். மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். நாலு பிஸ்கட்டையும் அவர் மென்று விழுங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கடை பூரா பழைய சாமான்தான். பிஸ்கட் மட்டும் புதுசு, பயப்படாம சாப்பிடுங்க" என்றார்.

மறுபடி சூடு. மறுபடி பிளக்கைப் பிடுங்கினார்கள். இந்த முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார். ஒட்டியது. பழைய பேட்டரியின் காலைச் சூடாக்கி நெம்பினார். அது கழன்று மேசையில் டிக்கென்று விழுந்தது. புதியதை அதன் இடத்தில் பத்தவைத்து, ஒயர்களை எடுத்து முடித்தார்.

கேசட்டைப் பெட்டியில் சொருகினார். தலைப்புத் திரை வந்தது. அதைத் தாண்டி எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பொத்தானை அழுத்தினார்.

அவள் பெயர் இருந்தது. ஏழாம் வருடம், வசந்தம், பத்தொன்பதாம் நாள். வேலி கோணாமல் நேராகப் போயிருந்தது. அவள் துணி மடிப்பதும் அப்படித்தான். கிணறு. அதன் பக்கத்தில் கொட்டகை, கொட்டகையில் ஒரே ஒரு மாடு. பக்கத்தில் போனால் பெயர் காட்டும். ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லாத அந்தப் பெட்டியில், ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தாள்: தராசு. பெயருக்குக் கீழே அன்பைக் காட்ட வரிசையாகப் பத்து இதயம். பத்தும் சிவப்பு.

"மாடா நீங்க?" என்றார் டாக்டர். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார். அவரும் சிரித்தார். சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நெஞ்சு எலும்பு வலித்துச் சொன்னது.

"இந்த கேசட்டும் ஒரு பெட்டியும் திரும்ப எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை மக வரா, அவளுக்கு இதைப் பாக்கணுமாம். என்ன விலைன்னு சொல்லுங்க."

"நான் வாங்கினது நூத்தி முப்பத்தொம்பது கேசட்டு, எட்டு பெட்டி. நேத்து தப்பா எண்ணிட்டேன்னு நினைக்கறேன். வயசாகுது இல்ல? மீதியையும் வேணும்னா..."

"வேண்டாம். அதுல ஆசை வரல, டாக்டர். பொய் சொல்ல மாட்டேன். அது போயிடுச்சு."

"போகட்டும். ஆசை போனா என்ன? மக ஞாயித்துக்கிழமை வரான்னா, அதுவரைக்கும் மாட்டுக்கு யாரு தண்ணி வெக்கறது?" டாக்டர் எழுந்தார். "நீங்க ஆடிட்டிருங்க. தெருமுனையில போய் ரெண்டு டீ வாங்கிட்டு வரேன். கடையைப் பாத்துக்கங்க."

கல்லாவைப் பூட்டாமல், ஷட்டருக்குக் கீழே குனிந்து டாக்டர் வெளியே போனார்.

கடையில் இவர் மட்டும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, திரையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குட்டிப் பெண்ணைக் கிணற்றடிக்கு நடத்தினார். வாளியை இறக்கும்போது, கண் தானாகக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கே, நடுவில், தனி விளக்கின் கீழ் அந்த நகல் நின்றது. டாக்டர் அதற்கு விலைச்சீட்டுகூட எழுதிவிட்டார். நாளையோ மறுநாளோ யாராவது வருவார்கள். வார்த்தையை நம்பி வாங்கிப் போவார்கள்.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

அலமாரியைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்தார். மேசையில் கிடந்த அயர்னை மறுபடி சூடாக்கி, அதன் முனையால் கேசட்டின் முதுகில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிளாஸ்டிக் லேசாகக் கருகி மணத்தது. அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்பையிலிருந்து உறையை எடுத்து முதல்முறையாகப் பிரித்தார். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே மடித்து, கல்லாவின் உள்ளே, சில்லறைத் தட்டுக்கு அடியில் வைத்தார். பார்க்கும்போது டாக்டருக்குப் புரியலாம். மறுபடி தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

வெளியே டீக்கடைப் பையனை டாக்டர் ஏதோ கிண்டல் செய்வது கேட்டது.

கல்லாவை மெதுவாக மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்து, நிறைந்த வாளியோடு கொட்டகைக்குப் போய், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.